ஹைதராபாத் வேன் சுற்றுலா: கல்லறைகளுக்கு நாற்பது நிமிடம்

கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பும் மூன்று நாள் ஹைதராபாத் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 6,200 ரூபாய் கட்டி நானும் என் மனைவியும் பழையபேட்டைப் பாயும் போய்வந்தோம். டிரைவருக்கு ஐந்துக்கு ஐந்து போடலாம். அறைக்கு மூன்று. சாப்பாட்டுக்கு மூன்றரை. நேரத்தை வகுத்துக் கொடுத்தவருக்கு என்ன போடுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சினிமா செட்டுகளைப் பார்க்க ஒரு முழுப் பகல், முத்துக் கடையில் ஒன்றே முக்கால் மணி நேரம், ஓர் அரச வம்சமே அடங்கியிருக்கும் 106 ஏக்கர் கல்லறைத் தோட்டத்துக்கு நாற்பது நிமிடம். இப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தால் அவர் மீது கோபப்படுவதா, இரக்கப்படுவதா?

நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. நல்ல மனிதர்கள்தான். வழியில் என் மனைவிக்கு வாந்தி வந்தபோது எலுமிச்சம்பழம் தேடி ஓடினார்கள். குறை அவர்களுடைய மனத்தில் இல்லை, எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று எழுதி அவர்கள் கொடுத்த மஞ்சள் துண்டுச் சீட்டில் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் புலம்பல் புரியாது. பர்கூர் சாலையில் ஒரு கிரானைட் பட்டறையில் 31 ஆண்டுகள் பாலிஷ் பிரிவில் இருந்தேன். மிஷினிலிருந்து இறங்கும் ஸ்லாப்பைச் சாய்த்து நிறுத்தி, டியூப் லைட்டின் பிம்பம் அதில் நேராக விழுகிறதா, நெளிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நெளிந்தால் திருப்பி ஏற்ற வேண்டும். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் தரையைக் குனிந்து பார்க்கிறேன் என்று மனைவி சொல்வாள்.

பாய் தையல்காரர். வீட்டில் பேசுவது தக்கணி உருது. சார்மினாரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. "அண்ணே, பணம் கட்டிவிட்டேன், நீங்களும் வாருங்கள்" என்று அவர் வந்து நின்றதால்தான் நாங்கள் கிளம்பினோம்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வேன் ஏறினோம். பதினேழு பேர் உட்காரும் வண்டி, பதினான்கு பேர்தான் வந்தோம். கால் நீட்ட இடம் இருந்தது. ஹைதராபாத் போக வழி கேட்கவே வேண்டாம். நம் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 44தான் ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்நூல் என்று ஏறி ஹைதராபாத்துக்குள்ளும் போகிறது. கிட்டத்தட்ட 660 கிலோமீட்டர். டிரைவர் தம்பி ஒருமுறைகூட கைப்பேசியைத் தொடவில்லை, ஒருமுறைகூட பிரேக்கைக் குத்தி நிறுத்தவில்லை. ஒன்பதரைக்கு அறைக்குள் இருந்தோம். அறையில் வெந்நீர் வந்தது, போர்வையில் வேறு யாருடையதோ அத்தர் வாசனையும் வந்தது. மூன்று மதிப்பெண்ணுக்குக் காரணம் அதுதான்.

முதல் கோளாறு அன்றே தொடங்கியது. சீட்டில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு இடங்கள்: சாலார் ஜங் அருங்காட்சியகம், சார்மினார். சாலார் ஜங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டிய வாசலில் பதினான்கு பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எத்தனை தடவை வந்துபோனவர்கள், இதுகூடவா தெரியாது என்று கேட்டதற்கு, "போன தடவை சனிக்கிழமை வந்தோம் சார்" என்றார் கூட வந்த பையன். அதற்குப் பதிலாகத்தான் முத்துக் கடை. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. என் மனைவி ஒரு மாலை வாங்கினாள், நன்றாகத்தான் இருக்கிறது.

சார்மினாரில் எங்களுக்கு ஒரு கைடு ஏற்பாடு செய்திருந்தார்கள். தெலுங்கும் இந்தியும் கலந்து பேசினார். நம் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கு பிரச்சினை இல்லையே, நன்றாகவே புரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி பாக்மதியின் காதல் கதை. முசி ஆற்றைக் குதிரையில் நீந்திக் கடந்த இளவரசன், அவன் காதலி பெயரில் நகரம் என்று கண்களை மூடிக்கொண்டு சொன்னார். கதை அழகாக இருக்கிறது, வரலாற்று ஆசிரியர்கள் அதை ஒரு மனதாக ஏற்கவில்லை என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். உறுதியான விஷயம் அதைவிடச் சுவையானது. குதுப் ஷாஹி வம்சத்தின் ஐந்தாம் அரசர் முகமது குலி குதுப் ஷா, கோல்கொண்டாக் கோட்டைக்குள் நெருக்கடி தாங்காமல் ஆற்றுக்குத் தெற்கே புது நகரம் ஒன்றை அமைத்தார். அதன் நடுப்புள்ளியாக 1591இல் நிறுத்திய கட்டடம்தான் இது. அது ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு. ஓர் ஆயிரம் ஆண்டு முடிகிற கணக்கைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பாய் சொன்னபோது கைடே திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அதிர்ச்சி வேறு. படத்தில் பார்த்து இத்தனை காலம் சார்மினாரைக் கல் கட்டடம் என்று நினைத்திருந்தேன். உள்ளே கருங்கல்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சுண்ணாம்பு. கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் பளிங்குப் பொடி கலந்த சாந்தைப் பூசி, அந்தப் பூச்சிலேயே பூவும் இலையும் வளைவும் எடுத்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்தேன் (தட்டக்கூடாதுதான்). கல்லுக்குரிய கணீர் இல்லை, மண்குடத்தைத் தட்டியது போல இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. பிறகு நிமிர்ந்து பார்க்கப் பார்க்க ஏமாற்றம் கரைந்தது. கருங்கல்லில் உளி போகும் வழி வேறு, ஈரச் சாந்தில் கை போகும் வழி வேறு. மினார்களின் இடுப்பில் வளையம் வளையமாக ஓடும் அந்த நுணுக்கத்தைக் கல்லில் கேட்டால் எங்கள் ஆட்கள் கைகூப்பிவிடுவார்கள். சாந்து காய்வதற்குள் முடிக்க வேண்டும், தவறினால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி. நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்த காலத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வேலையின் பெரியண்ணன் இது.

பூச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது பெயரும். 2019 மே மாதம் ஒரு மினாரிலிருந்து அலங்காரப் பூச்சு பெயர்ந்து கீழே விழுந்தது. இப்போது கீழே நின்று பார்த்தால் புதுப் பூச்சும் பழைய பூச்சும் நிறத்தில் பிரிந்து தெரிகின்றன. நான்கு பக்கமும் இருக்கும் கடிகாரங்கள் 1889இல் வைத்தவை. கைடு அவற்றையும் முகமது குலியின் கணக்கில் எழுதப் பார்த்தார். 149 படி ஏற வேண்டும் என்றதும் என் மனைவி முழங்காலைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கீழேயே உட்கார்ந்துகொண்டாள். படிகள் சுழல் படிகள், குறுகலானவை, உயரம் அதிகம், நடுவில் தேய்ந்து குழிந்தவை. அறுபது தாண்டியவர்கள் யோசித்து ஏறுங்கள்.

மெக்கா மசூதி அங்கிருந்து கூப்பிடு தூரம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை. பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார், மற்ற பதின்மூன்று பேரும் வெளியே இரானி டீ குடித்தோம். சீட்டைத் தயாரித்தவர் எந்தக் கிழமையில் எங்கே போகிறோம் என்று ஒரு காலண்டரைப் பார்த்திருந்தால் போதும். டீ நன்றாக இருந்தது, காய்ச்சிக் குறுக்கிய பாலில் லேசான உப்புச் சுவையோடு. கூட உஸ்மானியா பிஸ்கட். கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயர் அதில் இருக்கிறது. அரசாட்சி போய்விட்டது, பிஸ்கட் நிற்கிறது.

தொழுகை முடிந்த பிறகு எங்களை முற்றம்வரை விட்டார்கள், தொழுகைக் கூடத்துக்குள் விடவில்லை. பரவாயில்லை. முற்றத்தில் நின்றபோதே எனக்குப் புல்லரித்துவிட்டது. இதுதான் கல். பூச்சு இல்லை, மறைப்பு இல்லை. 1617இல், முகமது குலிக்கு அடுத்து வந்த முகமது குதுப் ஷா அடிக்கல் நாட்டிய மசூதி. கட்டி முடித்தது 1694இல், அதுவும் அந்த வம்சத்தை வீழ்த்திய அவுரங்கசீப்பின் ஆட்சியில். தொடங்கியவர் வீடும் போய், பின்வந்தவர்கள் ஆட்சியும் போய், எதிரி வந்து முடித்து வைத்திருக்கிறார். நடு வளைவுக்கு மெக்காவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் செங்கல் செய்து வைத்தார்கள் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த ஊருக்கு வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே, தொழுகை மாடத்துக்கான ஒற்றைப் பாறையை வெட்டி எடுக்க ஐந்நூறு அறுநூறு பேர் ஐந்து ஆண்டுகள் உழைத்தார்கள் என்றும், அதை இழுக்க 1,400 மாடுகள் பூட்டப்பட்டன என்றும் எழுதி வைத்திருக்கிறார். இதைக் கைடு ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான் போகவில்லை. கிரானைட் ஒரு கன மீட்டர் 2.7 டன். எங்கள் பட்டறைக்கு வரும் பெரிய பிளாக் 25 டன் இருக்கும். அதை லாரியிலிருந்து இறக்கும்போது கிரேன் ஓட்டுகிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சுற்றி நிற்பவர்களை எல்லாம் விரட்டிவிட்டுத்தான் லீவரில் கை வைப்பார். இங்கே கிரேன் இல்லை, டைமண்ட் கம்பி இல்லை, டிரில் இல்லை. வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, பாறையை அதன் நரம்போடு பிரித்து எடுக்க வேண்டும். நரம்பு தவறினால் ஐந்தாண்டு உழைப்பு குறுக்கே பிளந்துபோகும். அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை பிளந்திருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கத்தான் யாரும் இல்லை.

"பாய், உள்ளே வளைவுக் கல்லில் இணைப்பு தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"அண்ணே, நான் தொழப் போனேன், இணைப்புப் பார்க்கப் போகவில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூண்கள் குளிர்ச்சியாக இருந்தன. கூரை ரொம்ப உயரம். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

முற்றத்தின் ஓரத்தில் நிஜாம்களின் கல்லறைகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. இரண்டாம் நிஜாம் முதல் ஆறாம் நிஜாம் வரை. ஏழாமவர் இங்கே இல்லை, கிங் கோத்திப் பக்கம் ஜூடி மசூதியில் அடக்கமாகியிருக்கிறார்.

அன்று மாலை நீங்கள் பாயைப் பார்த்திருக்க வேண்டும். வளையல் கடைத் தெருவில் ஒருவர் "நக்கோ" (வேண்டாம்) என்றார், இன்னொருவர் "ஹவ்" (ஆமாம்) என்றார். பாய் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பழையபேட்டையில் அவர் வீட்டு அடுப்படியில் புழங்கும் சொற்கள் அவை. வட நாட்டு உருது பேசுகிறவர்கள் அவற்றைக் கேட்டுச் சிரிப்பார்களாம், "இது என்ன உருது" என்று. இங்கே ஒரு பெருநகரத்தின் கடைத்தெரு முழுக்க அதே சொற்களில் பேரம் பேசிக்கொண்டிருந்தது. சார்மினாரைக் கட்டிய முகமது குலியே அந்தத் தக்கணியில் ஒரு தொகுப்பு நிறையக் கவிதை எழுதியவர் என்று கைடு சொன்னார். அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியான செய்தி அதுதான். பாய் அதன் பிறகு தேவையில்லாமல் ஆறு கடைகளில் விலை கேட்டார். எதையும் வாங்கவில்லை.

சனிக்கிழமை சினிமா நகரம். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பொழுது. அட்டைப் பலகையில் செய்த கல் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நான் ஒரு பகலைக் கழித்தேன். அந்தப் பகலில்தான் சாலார் ஜங் திறந்திருந்தது.

ஞாயிறு காலை கோல்கொண்டா. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மலையேறி இறங்கவே அது போதாது. காகதியர் காலத்தில் மண் கோட்டையாகத் தொடங்கி, குதுப் ஷாஹிகள் கல்லில் வளர்த்த இடம். வெளிமதில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், 87 கொத்தளங்கள், எட்டு வாசல்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை, அதுதான் சையத் பாஷா மலையை, ஏறிப் பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே புரியும்: பாறையை உடைத்துச் சமன் செய்து மதில் கட்டவில்லை, பாறை எங்கே போகிறதோ மதிலும் அங்கே போகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே இருக்கும் சந்தை மட்டும் கட்டி அடைத்திருக்கிறார்கள். பாறையும் அந்நியமில்லை. ஹைதராபாத் கிரானைட்டும் நம் பக்கத்துப் பாறையும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது உடையவை. தூரத்துப் பங்காளி வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

கோல்கொண்டா என்றால் கைதட்டல். ஃபதே தர்வாஸா வாசலின் குவிமாடத்துக்குக் கீழே தட்டினால் மலை உச்சியில் இருக்கும் பாலா ஹிசாரில் கேட்கும். எதிரி வந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு. நான் மேலே போய்ச் சைகை காட்டுகிறேன், நீ கீழே நின்று மூன்று முறை தட்டு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஏறினேன். மேலே கேட்டது. மூன்று முறை அல்ல, முந்நூறு முறை. ஞாயிற்றுக்கிழமை வந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கீழே நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து, "நீ தட்டியது எது?" என்று கேட்டேன். "நான் எங்கே தட்டினேன், சோடா குடித்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

ஃபதே தர்வாஸா என்றால் வெற்றி வாசல். வெற்றி கோட்டைக்காரர்களுடையது அல்ல. எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 1687இல் அவுரங்கசீப்பின் படை நுழைந்த வழி. தோற்றவர் அபுல் ஹசன் தானா ஷா, கடைசி அரசர். தௌலதாபாத்தில் சிறைவைத்தார்கள், அங்கேயே காலம் முடிந்தது. இந்த இடத்தில் கைடு மீது எனக்கு இரண்டாவது கோபம். "கோஹினூர் தோண்டிய இடம் இதுதான்" என்று கையை விரித்தார். இந்த மலையில் வைரம் விளையவில்லை. வைரச் சுரங்கங்கள் தூரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரைப் பக்கம், கொல்லூர் போன்ற இடங்களில் இருந்தன. கோல்கொண்டா அவற்றை விற்ற சந்தை. நம் ஊரில் மாங்கூழ் டப்பாவைப் பார்த்துவிட்டு, மா காய்த்தது இந்தத் தொழிற்சாலைக்குள்தான் என்று சொல்வதைப் போன்றது இது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இடம். பதினொன்றே காலுக்குக் குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். கோட்டையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். "பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வண்டியில் இருக்க வேண்டும்" என்றார் பையன். உள்ளே 40 கல்லறை மண்டபங்கள், 23 மசூதிகள், படிக்கிணறுகள், இறந்தவர்களின் உடலைக் குளிப்பாட்ட ஒரு ஹமாம். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் நேரம் போதாது.

குவிமாடங்களில் ஒரு காலத்தில் நீலமும் பச்சையுமாக மெருகு ஓடுகள் பதித்திருந்தார்களாம், இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள். 2013இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அரசோடு சேர்ந்து புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. நடுவில் யாரோ பூசிவிட்டுப் போன சிமெண்டை எல்லாம் உரித்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய காரியம் என்று கட்டட வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமெண்ட் அதன் வாயைப் பொத்திவிடும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்றுவிடும். படிக்கிணறுகளையும் மீட்டிருக்கிறார்கள், 2022இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

முகமது குலியின் மண்டபம்தான் பெரியது, ஏறத்தாழ 42 மீட்டர். அவர் இறந்தது 1612இல். மேல் தளத்தில் இருப்பது அடையாளக் கல்தான், உண்மையான கல்லறை அதற்கு நேர் கீழே நிலவறையில். கைடு அதைக் காட்டி "கறுப்பு மார்பிள்" என்றார்.

மார்பிள் அல்ல ஐயா அது. பசால்ட். எரிமலைக் குழம்பு உறைந்த கல். நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கே என் தொழிலின் பொய்யையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கறுப்பு கிரானைட் என்று நாங்கள் உலகத்துக்கே விற்பதும் கிரானைட் அல்ல, அது டோலரைட். பசால்ட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆகவே அந்தக் கல்லைப் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஹைதராபாத் நிற்பது கிரானைட் மீது. பசால்ட் வேண்டுமென்றால் மேற்கே விகாராபாத் பக்கம் தாண்டிப் போக வேண்டும். காலடியில் மலை மலையாகக் கல் கிடக்க, அரசனின் கல்லறைக்கு மட்டும் தூரத்துக் கல்.

குனிந்து பார்த்தேன். வாசல் வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. நேராக.

எப்படிச் சொல்வது? எங்கள் மிஷினில் ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துப் பதினைந்து தலைகள் சுழலும், கரடு முதல் நைஸ் வரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கிரிட் எமரி, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அத்தனைக்குப் பிறகும் விளிம்பில் ஒரு நூல் அளவு மங்கும். இங்கே விளிம்பும் மங்கவில்லை. அது மட்டும் என்றால் சமதளம், பொறுமை இருந்தால் தேய்த்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். பக்கங்களில் அரபி எழுத்துகள் புடைப்பாக ஓடுகின்றன. எழுத்தை வெட்டவில்லை, எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை வெட்டி எடுத்து எழுத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய எழுத்தின் முகத்துக்கும் அதே பாலிஷ். ஒரு வளைவில் உளி அரை நூல் வழுக்கினாலும் மொத்தக் கல்லும் வீண்.

எதைக் கொண்டு தேய்த்திருப்பார்கள்? என் ஊகம் குருந்தப்பொடி. அரக்கில் குருந்தப்பொடி கலந்து சாணைக்கல் செய்வது நம் நாட்டுப் பழைய வித்தை, தர்மபுரிப் பக்கமும் குருந்தக்கல் கிடைக்கிற பூமிதான். தெலங்கானாப் பகுதிக்கும் கறுப்புக் கல்லைக் கண்ணாடியாக்குவது புதிதல்ல. ஹனம்கொண்டாவில் 1163இல் காகதிய ருத்ரதேவன் எடுப்பித்த ஆயிரங்கால் கோயிலின் நந்தியையும் தூண்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்குத் தேய்த்த கைகளின் வழிவந்த கைகளே கல்லறைக்கும் தேய்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இன்னொரு மண்டபத்தையும் சொல்லியாக வேண்டும். வம்சத்தை நிறுவிய சுல்தான் குலி தன் கல்லறையைத் தானே கட்டிவைத்தவர். 1543இல் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் இருந்தது மகன் ஜம்ஷீத் என்பார்கள். தகப்பனுக்குப் பிறகு அந்த ஜம்ஷீத் ஏழாண்டு ஆண்டான். அவனுக்கும் இங்கே இரண்டு அடுக்கு எட்டுப் பட்டை மண்டபம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் கறுப்புக் கல் இல்லை. எழுத்தும் இல்லை. மற்ற அரசர்களுக்கெல்லாம் பளபளக்கும் பசால்ட், இவனுக்கு மட்டும் வெறும் மேடை. காரணம் எங்கேயும் பொறித்து வைக்கவில்லை. அந்தக் கல்லைத் தேய்க்க வேண்டிய ஆள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முகமது குலியின் மகள் ஹயாத் பக்ஷி பேகத்தின் மண்டபத்தை நோக்கி நடந்தபோது ஹாரன் கேட்டது. மறுபடி கேட்டது. அரசன் மகள், அரசன் மனைவி, அரசனின் தாய், மூன்று ஆட்சிகளைப் பார்த்தவர், 1667இல் இறந்தவர். அவருடைய மண்டபத்தை முப்பதடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். வண்டிக்கு இருபத்தைந்து நிமிடம் தாமதம். பதினொரு பேர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பாய் மட்டும், "அண்ணன் அங்கே கல்லோடு பேசிக்கொண்டிருந்தார்" என்று சொல்லிச் சமாளித்தார். அவசரமாகக் கிளம்பிய வேன் அடுத்து நின்ற இடம் பிரியாணிக் கடை. அங்கே மேசைக்காக ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். பிரியாணி நீள அரிசி, மசாலா தூக்கல். சீரகச் சம்பாவில் பழகிய நாக்குக்கு இரண்டாவது கரண்டியில்தான் பிடிபட்டது.

திங்கள் விடியற்காலை மூன்றரைக்குப் பத்திரமாகக் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: இந்த வேனிலேயே போகலாம், டிரைவரை நம்பித் தூங்கலாம். வியாழன் இரவு கிளம்பும் பயணத்தை மட்டும் எடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பாதி நகரம் மூடியிருக்கும். சினிமா நகரம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லி அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ள முடிகிறதா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை. அந்தப் பகலில் ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். காலை வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழும் நேரம் நல்லது, கல் முகம் காட்டும். கைடு வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கோல்கொண்டாவில் கீழேயே இருந்து சோடா குடியுங்கள்.

பணம் திரும்பக் கேட்கப் போனேன் என்று நினைக்காதீர்கள், சீட்டைத் திருத்தச் சொல்லத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். "கல்லறையில் என்ன சார் இருக்கிறது, ஃபேமிலியாக வருகிறவர்கள் கேட்பதில்லை" என்றார் அந்தப் பையன். மரியாதையாகத்தான் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

நானும் பாயும் அடுத்த மாதம் பெங்களூரு போய் அங்கிருந்து இரவு பஸ் பிடிக்கிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பாய்க்கு வளையல் கடைத் தெரு. எனக்கு ஹயாத் பக்ஷி பேகம். பழைய பட்டறையில் பளபளப்பு அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது, கைக்குள் அடங்கும். ஸ்லாப் மீது வைத்தால் எண் காட்டும், 85க்குக் கீழே வந்தால் நாங்கள் ஏற்றுமதிக்கு விடுவதில்லை. இரண்டு நாளைக்கு இரவல் கேட்டிருக்கிறேன். காவலாளி அதைக் கல் மேல் வைக்க விடுவாரா என்பதுதான் சந்தேகம். தக்கணியில் கேட்டுப் பார்ப்பதாகப் பாய் சொல்கிறார்.